பிரேக் மிதிக்கக் கற்றுத்தரும் நாள்

சென்னையின் எம்.டி.எச். ரோட்டில் பாடி வழியாகப் போகும் பேருந்துகளுக்கு ‘லூகாஸ்’ ஒரு நிறுத்தத்தின் பெயர். 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமம் இங்கே அடுத்தடுத்து எழுப்பிய தொழிற்சாலைகளில் ஒன்று அது. வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்தது. லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் செய்தது. சுந்தரம் கிளேட்டன் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஏர் பிரேக் செய்தது. பிரேக்ஸ் இந்தியா பெயரிலேயே தன் தொழிலைச் சொல்லிவிடுகிறது. வண்டியை ஓடவைக்கும் உறுப்புகளைவிட நிறுத்திவைக்கும் உறுப்புகளுக்குப் பேர்போன ஊர் பாடி.

அந்தப் பிரேக்கின் முழுத் திறனை, கார் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவைகூட வெளியே கொண்டுவந்ததில்லை. அன்றாடப் போக்குவரத்தில் நாம் மிதிப்பது அதன் திறனில் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோதான். என்றாவது ஒரு மாடு குறுக்கே வந்து காலை முழுக்க அழுத்தினால், ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கி பெடல் காலடியில் படபடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதிரும்போது இன்னும் அழுத்த வேண்டும் என்பது படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல, காலுக்குப் பழக வேண்டிய விஷயம். அதைப் பழக, பாடியிலிருந்து மதுரவாயல், பூந்தமல்லி வழியாக சுமார் 30 கிலோமீட்டர் போனால், இருங்காட்டுக்கோட்டையில் ஓர் இடம் இருக்கிறது.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த பந்தயத் தடம் அது. 1990இல் திறந்தது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. அங்கே ஓட்டுகிறவர்கள் வளைவுகளை சி1, சி2 என்று எண்ணிட்டே அழைக்கிறார்கள். இந்தத் தடம் வருவதற்கு முன்னால் பல ஆண்டுகள் மெட்ராஸின் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. கிளப் தொடங்கிய 1953ஆம் ஆண்டுக்கு உலகப் பந்தய வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை அந்த ஆண்டு ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. அதன் நான்கு சக்கரங்களிலும் டன்லப் செய்த டிஸ்க் பிரேக் இருந்தது. டிரம் பிரேக் வைத்திருந்த எதிராளிகள் சூட்டில் பிரேக் தளர்ந்துவிடுமோ என்று முன்கூட்டியே வேகம் குறைத்த இடங்களில் ஜாகுவார் தள்ளிப்போய் மிதித்தது. இன்று நம் கார்களின் முன்சக்கரத்தில் டிஸ்க் இருப்பதற்கு அந்த வெற்றியும் ஒரு காரணம்.

பந்தய நாட்கள் போக மற்ற நாட்களில் இப்படிப்பட்ட தடத்தைச் சாதாரண ஓட்டுநர்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாட்டுக்குத்தான் டிராக் டே என்று பெயர். இது பந்தயமல்ல. யாருக்கும் பரிசு கிடையாது, இடவரிசை கிடையாது. கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ 15, 20 நிமிடச் சுற்றுகளாக நாள் முழுக்க ஓட்டலாம். எதிரே வண்டி வராது, குறுக்கே ஆள் வராது, தவறினால் விரிந்துகிடக்கும் வெட்டவெளி இருக்கிறது. கார்களுக்குத் தனி நாள், மோட்டார் சைக்கிள்களுக்குத் தனி நாள். கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் 2003இல் தொடங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இதற்கு ஏற்ற தடம்தான். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டி, சாமானிய இளைஞர்களுக்குப் பந்தயத்தைத் திறந்துவிட்ட எஸ். கரிவர்தனின் நினைவாக அதற்கு அந்தப் பெயர்.

டிராக் டேயில் கற்கும் பாடம் எதைப் பற்றியது? டயரின் பிடிமானத்தைப் பற்றியது. ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு சராசரியாக 250 கிலோ. டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ அழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 110 சதுர சென்டிமீட்டர்தான். வண்டி வேகமெடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாமே அந்த நான்கு சிறு பரப்புகள் வழியாகத்தான் நடக்கிறது. சூடேறிய ரப்பர் தார்ப்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடிக்கிறது. மூலக்கூறு அளவில் ஒட்டியும் கொள்கிறது. நல்ல சாலை டயர், உலர்ந்த தடத்தில், தன் மேல் அழுத்தும் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு விசையைப் பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ தரும். அதற்கு மேல் கேட்டால் வழுக்கும்.

அந்த விசையை எப்படிப் பங்கிட்டுச் செலவழிப்பது என்பதில்தான் ஓட்டும் கலை முழுவதும் இருக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் வுனிபால்ட் காம் பெயரால் வழங்கும் ஒரு வட்டம் இதற்கு உதவும். வட்டத்தின் மேல்கீழ் அச்சில் பிரேக்கும் வேகமெடுப்பும், இடவல அச்சில் திருப்பம். டயர் தரக்கூடிய மொத்த விசை அந்த வட்டத்தின் ஆரம். பிரேக்குக்கு 80 சதவீதம் செலவழித்தால் திருப்பத்துக்கு மிச்சம் எவ்வளவு? 20 என்றுதான் மனம் கணக்குப் போடும். ஆனால் இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. 3, 4, 5 முக்கோணத்தின் விதிப்படி மிச்சம் 60 சதவீதம். வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பும் வித்தை தேர்ந்த ஓட்டுநர்களுக்குச் சாத்தியமாவது இந்தக் கணக்கால்தான். 100 சதவீதத்தையும் பிரேக்குக்கே கொடுத்தவருக்கோ திருப்ப எதுவும் மிஞ்சாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருகினாலும் வண்டி நேராகவே போகும்.

வட்டத்தின் அளவும் நிலையானதல்ல. பிரேக் மிதிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. நம் சிறிய காரில் கடுமையான பிரேக்கில் ஏறக்குறைய 170 கிலோ பாரம் பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறும். முன்னால் 600, பின்னால் 400 என்றிருந்தது, முன்னால் 770, பின்னால் 230 என்றாகும். முன்டயர்களின் பிடி கூடும், பின்டயர்களின் பிடி குறையும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலும் இதேதான், சிறிய அளவில். பின்பக்கம் இலகுவாகிச் சறுக்கி, வண்டி சுழன்றுவிடக்கூடும். புதியவர்கள் தடத்தில் சுழலும் பல சமயங்களில் காரணம் அதிவேகமல்ல, பாதி வழியில் மனம் மாறியதுதான். வேகத்தை வளைவுக்கு முன்பே, நேரான பகுதியிலேயே குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் காலை நிதானமாக வைத்திருக்கச் சொல்லிப் பயிற்சியாளர் திரும்பத் திரும்ப நச்சரிப்பது இதற்காகத்தான்.

வழித்தடம், அவர்கள் மொழியில் ‘லைன்’, இதைவிட அழகான கணக்கு. உட்கரை 25 மீட்டர் ஆரமும் வெளிக்கரை 35 மீட்டர் ஆரமும் கொண்ட 90 டிகிரி வளைவு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். வண்டியின் அகலத்தைக் கழித்தே இந்த அளவு. நடுவிலேயே போனால் 30 மீட்டர் ஆரத்தில் திரும்பவேண்டும். நம் டயருக்கு அங்கே எல்லை மணிக்கு 58 கிலோமீட்டர் சொச்சம். அதே வளைவுக்கு வெளிக்கரையை ஒட்டி வந்து, நடுப்புள்ளியில் உட்கரையைத் தொட்டு, மறுபடி வெளிக்கரைக்கு விரிந்துபோனால் பாதையின் ஆரம் ஏறக்குறைய 59 மீட்டராகிறது. எல்லை 82 கிலோமீட்டர். ஒரே கார், ஒரே டயர், ஒரே தார். எஞ்சினுக்கு ஒரு ரூபாய் செலவழிக்காமல், ஸ்டீயரிங்கை எங்கே திருப்புவது என்ற அறிவால் மட்டும் 24 கிலோமீட்டர் கிடைத்திருக்கிறது. வண்டியை ட்யூன் பண்ணக் காசு சேர்க்கும் தம்பிகளுக்கு இந்தக் கணக்கை நான் எப்போதும் போட்டுக் காட்டுவேன். சாலையில் இந்த லைனை எடுக்கவே கூடாது. அங்கே மறுபாதி எதிரே வருகிறவருடையது.

இனி பிரேக்குக்கு வருவோம். மணிக்கு 140 கிலோமீட்டரில் ஓடும் அந்த 1000 கிலோ கார், நேர்பகுதி முடிந்து 60க்கு இறங்குகிறது. மூன்று வினாடிக்குள் முடிந்துவிடும் வேலை. அதற்குள் சுமார் 617 கிலோஜூல் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். அடுப்படிக் கணக்கில் சொன்னால், இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. அதில் பெரும்பகுதி போய்ச் சேர்வது முன்சக்கரத்து இரண்டு இரும்பு டிஸ்க்குகளில். ஒவ்வொன்றும் 5 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் சூடு 90 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. காற்று அதைத் தணிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒரு சுற்றில் இப்படிப் பல மிதிகள், ஒரு அமர்வில் பல சுற்றுகள். சாலையில் ஒருநாளும் பார்க்காத சூட்டை பிரேக் பார்க்கிறது.

அப்போது இரண்டு விதமாகப் பிரேக் கைவிடலாம். பிரேக் பேடைக் கட்டிப்பிடித்திருக்கும் பிசின் அளவு மீறிச் சூடானால் வாயு கக்கும். அது டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே படலமாகி உராய்வைக் குறைக்கும். பெடல் கல்லாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இன்னொன்று கொடியது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவம் உண்மையில் எண்ணெயே அல்ல, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் கிளைக்கால் வகைச் சேர்மம். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. 3.7 சதவீத ஈரம் சேர்ந்தபின் தரநிர்ணயம் கேட்பது வெறும் 140 டிகிரிதான். டாட் 4இல் இவை 230, 155. கடற்காற்றில் வருடமெல்லாம் புழுங்கும் சென்னையில் இரண்டு மூன்று ஆண்டுகள் மாற்றாத திரவம் எந்த நிலையில் இருக்குமென்று யோசியுங்கள். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போய்விடும்.

எனவே டிராக் டேக்குப் போகிறவர் வண்டியில் ஒரே ஒரு செலவு செய்வதானால் புது டாட் 4 திரவம் மாற்றி, காற்று நீக்கிக்கொள்ளட்டும். பேடில் பாதிக்கு மேல் தடிமன் இருக்கட்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். டயர்ப் பள்ளங்களின் ஆழம் நிறைய இருந்தாலும் முதிர்ந்து கெட்டிப்பட்ட ரப்பர் தடத்தில் உதவாது. வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும், முதல் அமர்வுக்குப் பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும். டிக்கியைக் காலி செய்யுங்கள். ஓட்டுநர் காலடி மிதியடியை மறக்காமல் எடுத்துவிடுங்கள், பெடலுக்கு அடியில் மடங்கினால் ஆபத்து. இவ்வளவுதான். பெரிய எக்ஸாஸ்டும் ஸ்பாய்லரும் முதல் ஐந்து டிராக் டேக்களுக்குத் தேவையே இல்லை.

எந்த வண்டி என்று கேட்டால், குறைந்த சக்தியுள்ள சிறிய காரையே சொல்வேன். 80 குதிரைத்திறன் காரில் வளைவில் தொலைத்த வேகம் அடுத்த நேர்பகுதி முழுக்கத் திரும்ப வராது, அதனால் தப்பு உடனே தெரியும். 300 குதிரைத்திறன் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்து அந்தத் தப்பை மூடிமறைத்துவிடலாம், கற்காமலே வீடு திரும்பலாம். கோ-கார்ட் தடத்தில் சில மாலைகள் ஓட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. லைனும் பார்வையும் அங்கேயே பிடிபடும்.

எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது என்பதில் விளம்பரத்தைப் பார்க்காமல், கேள்விகள் கேளுங்கள். ஒரே நேரத்தில் தடத்தில் எத்தனை வண்டிகள்? புதியவர்களைத் தனிக் குழுவாகப் பிரிக்கிறார்களா? முந்தும் விதி என்ன? நல்ல ஏற்பாட்டில் புதியவர் குழுவில் நேர்பகுதியில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டி வழிவிட்ட பிறகுதான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லித்தரும் பயிற்சியாளர் உண்டா? வண்டியைச் சோதித்த பிறகுதான் உள்ளே விடுகிறார்களா? ஆம்புலன்ஸ் தடத்தருகே நாள் முழுக்க நிற்கிறதா, வளைவுகளில் கொடியோடு மார்ஷல்கள் இருக்கிறார்களா? ஆம்புலன்ஸ் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு வெளியே போனால், அது திரும்பும்வரை தடத்தை மூடுவீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் ‘மூடுவோம்’ என்று சொல்கிறவரிடம் பணம் கட்டலாம். முதல் தடவை பயிற்சியாளர் இல்லாத நாளுக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சுற்றுக்கு எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் காட்டும் நாளும் தொடக்கத்தில் வேண்டாம்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு. கீத் கோடு 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. ஒரு அமர்வுக்கு ஒரே ஒரு பாடம் என்பது அவர்கள் முறை. ஒரு அமர்வு முழுக்கப் பார்வையை எங்கே வைப்பது என்பது மட்டும், அடுத்ததில் எங்கே சாய்ப்பது என்பது மட்டும். கார் ஓட்டுபவர்களும் இதைக் கடன்வாங்கிக்கொள்ளலாம்.

காப்பீட்டை முன்னாலேயே வாசித்துவிடுங்கள். நம் நாட்டு வாகனக் காப்பீட்டில் ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் விலக்கு எழுதியிருப்பார்கள். தடத்தில் வண்டிக்கு ஏற்படும் சேதம் நம் பையிலிருந்துதான் போகும் என்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். உடைந்தால் தாங்க முடியாத வண்டியை எடுத்துப்போகாதீர்கள், மாதத்தவணை பாக்கியிருக்கும் வண்டியை நிச்சயமாக வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டைக்கு ஜனவரி, பிப்ரவரி தோதான மாதங்கள். மே மாத வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் வழியும், டயரும் பிரேக்கும் ஆற நேரம் எடுக்கும். காலையில் முதல் வேலை ஓட்டுநர் கூட்டம். கொடிகளை அங்கே மனப்பாடம் செய்துவிட வேண்டும். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் அமர்வு நின்றது, நிதானமாக பிட்டுக்கு, அதாவது தடத்தோரம் வண்டிகள் நிற்கும் இடத்துக்குத் திரும்பு. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தடம் வழுக்குகிறது. நீலம் என்றால் வேகமான வண்டி பின்னால் வருகிறது.

முதல் சுற்றுகள் டயரைச் சூடேற்றவும் தடத்தைப் படிக்கவும். கண் எங்கே போகிறதோ கை அங்கே போகும் என்பதால் பார்வையை வளைவின் உட்புள்ளிக்கும், அதைத் தொடுவதற்கு முன்பே வெளியேறும் இடத்துக்கும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வினாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறோம், பானெட்டுக்கு முன்னால் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பிரேக் மிதிக்கும் இடத்தை ஒரு பலகை, ஒரு தார்க்கறை என்று அடையாளம் வைத்துக்கொண்டு, அமர்வுக்கு அமர்வு ஒன்றிரண்டு மீட்டராகத் தள்ளிப் பாருங்கள். முதலில் திடமாக அழுத்தி, வேகம் இறங்க இறங்கக் காலை இளக்குங்கள். ஒரு கட்டத்தில் எல்லாம் ஒன்றுகூடும் ஒரு வளைவு வரும். பிரேக் விடுவதும் ஸ்டீயரிங் திரும்புவதும் ஒரே அசைவாகி, நான்கு டயர்களும் மெல்லிய கிறீச்சொலியோடு முழுப் பிடியில் வேலை செய்வதை இருக்கை வழியாக உடம்பே உணரும். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். முதல் நாளிலேயே கிடைக்கக்கூடியது அது. 60 கிலோமீட்டர் வளைவில் கிடைப்பதும் 160இல் கிடைப்பதும் ஒரே சந்தோஷம்தான்.

ஒவ்வொரு அமர்விலும் கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிட வேண்டும். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள், கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் பிடித்துக்கொண்டிருந்தால் சூடு ஓரிடத்தில் தங்கும். டயர்க் காற்றை அளந்தால் வியப்பீர்கள். 35 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. இருந்தது, 70 டிகிரிக்குச் சூடானதும் 38ஐத் தாண்டியிருக்கும். அடைபட்ட வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும் எளிய விதி. பிதுங்கிய டயரின் தொடுபரப்பு சுருங்குவதால், பயிற்சியாளரைக் கேட்டுச் சிறிது காற்றை இறக்குவார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். மாலையில் உடம்பு அசந்துபோன பிறகும் ‘இன்னும் ஒரு ரவுண்டு’ என்று மனம் கேட்கும், அந்த அமர்வை விட்டுவிடலாம்.

கிளம்புவதற்கு முன் இறக்கிய காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள். சூடான டயரில் சரியாகத் தெரியும் அளவு, வீடு சேரும்போது குறைந்திருக்கும். வீல் நட்டுகளை இன்னொரு முறை பாருங்கள். பெடல் பகலில் ஒரு தடவையாவது பஞ்சுபோல் ஆகியிருந்தால் திரவம் கொதித்திருக்கிறது என்று பொருள். ஆறியபின் சரியாகத் தோன்றினாலும் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நெடுநேரம் அதிவேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு அதைவிடக் குறைந்த வேகங்கள் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். வெளியே பெங்களூரு நெடுஞ்சாலையில் 90இல் போகையில் 60 போலத்தான் இருக்கும். அந்த மாலை முழுக்கக் கண்ணை நம்பாமல் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தே ஓட்டுங்கள்.